மேட்டர் ஓவர்

1

எங்கள் ஊரான அண்ணனூருக்கு லீவில் போகும்போதெல்லாம் யாராவது ஒருவர் என்னைப் பிடித்துக்கொள்வார். "நீ அங்க மூளை டாக்டராமே" என்று கேட்டுவிட்டுத் தன் ஒற்றைத் தலைவலியில் ஆரம்பிப்பார். நான் டாக்டர் இல்லை என்றால் முகம் விழுந்துவிடும். அப்போ கம்ப்யூட்டரா என்பார். கம்ப்யூட்டரில் மூளை என்பேன். அதோடு அவரும் விட்டுவிடுவார், நானும் தப்பித்துவிடுவேன். இந்த முறை கொஞ்சம் விளக்கமாகவே எழுதிவிடுகிறேன். போன மாதம் இங்கே நடந்த ஒரு சங்கதியை, என் வேலை என்ன என்று சொல்லாமல் சொல்ல முடியாது.

நெதர்லாந்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கிறேன். வயதானவர்கள் சிலர் தாங்களாகவே முன்வந்து ஸ்கேன் மெஷினுக்குள் படுத்து எழுந்து போகிறார்கள். அவர்களுடைய மூளைப் படங்கள் பெயர் நீக்கப்பட்டு, வெறும் எண்ணாக எங்களிடம் வரும். படத்தில் மூளையின் உட்பக்கம் வெள்ளையாகத் தெரியும். அதைச் சுற்றி மடிப்பு மடிப்பாகச் சாம்பல் நிறம். உள்ளே இருக்கும் வெள்ளை எங்கே முடிகிறது, சாம்பல் எங்கே தொடங்குகிறது என்று பார்த்து மென்பொருள் தானே ஒரு மஞ்சள் கோடு போடும். அந்தக் கோட்டை வைத்துத்தான் பிறகு எல்லா அளவுகளும். கோடு தப்பினால் அளவு தப்பும். எங்கே தப்பியிருக்கிறது என்று கண்டுபிடித்துத் திருத்துவதுதான் எனக்குச் சம்பளம் வாங்கித் தரும் வேலை.

மென்பொருள் கெட்டிக்காரத்தனமானதுதான். ஆனாலும் சில இடங்களில் அதற்குக் கண் தெரியாது. காதுக்கு அருகே இருக்கும் மூளையின் முனையில் படம் கொஞ்சம் மங்கலாக விழும். அங்கே வெள்ளை, பலமுறை துவைத்த பள்ளிக்கூடச் சட்டை மாதிரி பழுப்படைந்து தெரியும். உடனே மென்பொருள், இது வெள்ளையே இல்லை என்று முடிவு கட்டிக் கோட்டை உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடும். முனை முழுவதும் கோட்டுக்கு வெளியே அநாதையாக நிற்கும். இதற்கு ஒரு மருந்து உண்டு. இது நிச்சயமாக வெள்ளைதான் என்று நமக்குத் தெரிந்த இடங்களில் சில புள்ளிகள் வைக்க வேண்டும். ஓரத்தில் வைக்கக் கூடாது, சந்தேகம் உள்ள இடத்தில் வைக்கவே கூடாது. மென்பொருள் அந்தப் புள்ளிகளை நம்பி, சுற்றியுள்ள இடத்தையும் வெளுப்பாக எடுத்துக்கொண்டு கோட்டை மறுபடி போடும்.

இன்னொரு வகைப் பிழை இதற்கு நேர் எதிர். மூளையைப் போர்த்தியிருக்கும் சவ்வையும் ரத்தக்குழாயையும் வெள்ளை என்று நினைத்துக் கோட்டுக்குள் சேர்த்துக்கொள்ளும். அப்போது மிகையாகச் சேர்ந்ததை ரப்பர் வைத்து அழிப்பதுபோல் அழித்துவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும். குறைந்த இடத்தில் புள்ளி, மிகுந்த இடத்தில் அழிப்பு. மருந்தை மாற்றிக் கொடுத்தால் உள்ளதும் போய்விடும். இவ்வளவு தெரிந்தால் போதும், மீதிக் கதை புரியும்.

2

வந்து குவிகிற படங்களையெல்லாம் நான் ஒருத்தியே பார்க்க முடியாது. முதல் சுற்றுத் திருத்தத்தை அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன ஆபீஸ் செய்து தருகிறது. நான் இந்த வேலையில் சேர்வதற்கு முன்பே யாரோ செய்த ஏற்பாடு. சேர்ந்த முதல் வாரம் "எங்கள் இந்தியக் குழு சென்னைக்குப் பக்கத்தில் எங்கோ" என்று என் சக ஊழியன் யெரூன் வரைபடத்தைத் திறந்து காட்டினான். அந்தப் புள்ளி அம்பத்தூரில் இருந்தது. அம்பத்தூருக்கு அடுத்த ஸ்டேஷன் திருமுல்லைவாயல், அதற்கு அடுத்தது எங்கள் அண்ணனூர். நான் உலகத்தைச் சுற்றிக்கொண்டு வந்து மறுபடி அதே லைனில் ஏறியிருந்தேன்.

வியாழக்கிழமை தோறும் காலையில் எங்களுக்கும் அவர்களுக்கும் ஒரு வீடியோ கால் இருக்கும். இங்கே நான் முதல் காபியோடு உட்காரும்போது அங்கே மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய நேரம். குழுவுக்குத் தலைவி சரளா. எங்கள் அண்ணனூர்தான், ரயில்கள் ஓய்வெடுக்க வரும் ஷெட் பக்கம் வீடு. பக்கத்தில் முத்து என்று தூத்துக்குடிப் பெண், திருமுல்லைவாயலில் ஃபிளாட் எடுத்துத் தங்கியிருப்பவள். இன்னும் இரண்டு மூன்று பேர் பின்னால் இருப்பார்கள், குரல் மட்டும் கேட்கும். சரளா திரையில் ஒவ்வொரு மூளையாகத் திறந்து, செய்த திருத்தத்தைக் காட்டிக்கொண்டே போவாள். நான் சரி என்பேன், அல்லது இங்கே கொஞ்சம் பாரு என்பேன்.

இரண்டாவது வாரமே எங்கள் பேச்சு தமிழுக்கு மாறிவிட்டது. அதற்குப் பிறகு மென்பொருளின் கலைச்சொல் எதுவும் அந்தக் காலில் பிழைத்திருக்கவில்லை. வைக்கிற புள்ளிக்குப் பொட்டு என்று பெயர் வந்தது. பக்கத்துப் பக்கத்து மடிப்புகள் இரண்டும் கோட்டுக்குள் ஒன்றாகச் சேர்ந்துவிட்டால் அது தோசை.

"அக்கா, இங்க ரெண்டு தோசை ஒட்டிக்கினு கீது, பாருங்க."

"பிரிச்சியா?"

"பிரிச்சு, மேல கீழ பொட்டு வெச்சுக்கீறேன். ஆனா அந்தச் சவ்வு கீது பாருங்க, அது உட மாட்டேன்னு அடம் புடிக்குது."

நடுவில் ஷெட்டுக்குப் போகும் காலி ரயிலைப் பற்றியும் பேசுவோம். மழையில் அண்ணனூர் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றதா, வேலப்பன்சாவடியில் நான் படித்த காலேஜ் பக்கத்தில் புதிதாக என்ன கட்டியிருக்கிறார்கள் என்று நான் கேட்பேன். அவள் பொட்டு வைத்துக்கொண்டே சொல்வாள். ஒரு மணி நேரம் முடியும். நான் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினால் ஜன்னலுக்கு வெளியே தூறலும் சைக்கிள்களுமாக இந்த ஊர் இருக்கும். கழற்றியதும் கொஞ்ச நேரம் எதற்கு இங்கே இருக்கிறோம் என்று இருக்கும். பிறகு சரியாகிவிடும்.

3

வீட்டில் தமிழ் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, அளவோடு. கணவர் பெங்களூரில் வளர்ந்தவர். அவர் தமிழில் பாதி கன்னடம், மீதி ஆபீஸ். மகள் ரேச்சலுக்கு வயது பதினொன்று. நான் தமிழில் கேட்டால் டச்சில் பதில் சொல்வாள். டச்சில் கேட்டால் என் உச்சரிப்பைத் திருத்துவாள். சனிக்கிழமை தமிழ் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். அதுவும் போன வருஷம் நின்றுவிட்டது.

நின்ற கதை இது. வகுப்பில் டீச்சர் ஒவ்வொருவரையும் எழுப்பி, எங்கே இருக்கிறாய் என்று கேட்டிருக்கிறார். வகுப்பில் இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். ரேச்சல் எழுந்து "கிளாஸ்ல கீறேன்" என்று சொல்லிவிட்டாள். என் தம்பி டேவிட் வீடியோவில் பேசும்போது பிடித்துக்கொண்டது. டீச்சர் நல்ல மனுஷி, கோபிக்கவில்லை. கீறேன் என்றால் நகத்தால் கீறுவது, இருக்கேன் என்றுதான் சொல்ல வேண்டும் என்று சிரித்துக்கொண்டே விளக்கியிருக்கிறார். பிள்ளைகள் எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து பையைப் போட்டுவிட்டு ரேச்சல் சொன்னாள். "மாமா ஒரு தமிழ் பேசுறார், டீச்சர் ஒரு தமிழ் பேசுறாங்க. எது உங்க தமிழ்னு முதல்ல நீங்க முடிவு பண்ணுங்க." இதை டச்சில்தான் சொன்னாள்.

எனக்கு அந்தச் சிரிப்பு தெரியும். காலேஜில் முதல் நாள் ஹாஸ்டல் வராந்தாவில் மதுரைப் பெண்ணும் நாகர்கோவில் பெண்ணும் என்னைப் பார்த்து அதே சிரிப்பைச் சிரித்தார்கள். கெட்ட எண்ணம் இல்லை, அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. அன்றைக்கு நிறுத்தியதுதான். அதற்குப் பிறகு நான் எல்லா இடத்திலும் 'இருக்கேன்'தான். அப்பா ஆவடி ஃபேக்டரியிலிருந்து போன் செய்து "எங்கம்மா கீற?" என்று கேட்டால்கூட, "இங்கதான்ப்பா இருக்கேன்" என்பேன். இன்றைக்குச் சரளா வாயிலிருந்து அந்தச் சொல் வந்தால், இன்னொரு முறை சொல்ல மாட்டாளா என்று காத்திருப்பேன். திருப்பிச் சொல்ல மட்டும் எனக்கு வாய் வராது.

4

போன வசந்தத்தில் என் வியாழக்கிழமைகளை இந்த நாட்டு அரசாங்கம் எடுத்துக்கொண்டது. குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தோம். அதற்கு மொழித் தேர்வு, அதற்கு வகுப்பு, அந்த வகுப்பு வியாழக்கிழமை காலை. வேறு நாள் கிடைக்குமா என்று எழுதிக் கேட்டேன். கிடைக்காது என்று மிக மரியாதையாக, மூன்று பக்கத்துக்குப் பதில் வந்தது. நம் ஊரில் அதை ஜன்னலுக்குப் பின்னாலிருந்து ஒரே வார்த்தையில் சொல்லி முடித்திருப்பார்கள்.

ஆக, ஊரோடு தமிழ் பேசுகிற ஒரு மணி நேரத்தில் உட்கார்ந்து டச்சு படித்தேன். ஒரு பாடம் முழுக்கச் சமையலறை. பானையில் சூப் மிச்சம் இருக்கிறது, ஜாடியில் பால் மிச்சம் இருக்கிறது. மிச்சம் இருப்பதற்கு இங்கே 'ஓவர்' என்கிறார்கள். சூப் ஓவர், பால் ஓவர். பக்கத்தில் இருந்த சிரியாக்காரப் பெண்மணி இதை மறக்காமலிருக்க, இடைவேளையில் தன் பிஸ்கட் டப்பாவை நீட்டி "பிஸ்கட் ஓவர்" என்றார். நாங்கள் சிரித்துக்கொண்டே சாப்பிட்டோம். மனசில் நன்றாகப் பதிந்துவிட்டது.

அந்த வாரங்களில் என் இடத்தில் யெரூன் காலில் உட்கார்ந்தான். கெட்டிக்காரன், நல்ல பையன். சரளா அவனிடம் ஆங்கிலத்தில் பேசுவாள். ஒவ்வொரு மூளையையும் திறந்து, என்ன செய்தோம் என்று ஓரிரு வாக்கியம் சொல்லிவிட்டு, அடுத்ததைத் திறப்பாள். அவன் எழுதிக்கொள்வான். எல்லாம் நன்றாகப் போகிறது என்று எனக்குச் சொன்னான். நான் மொழித் தேர்வில் தேறினேன். வீட்டில் கேக் வெட்டினோம். ரேச்சல் என் உச்சரிப்பைப் பாராட்டினாள்.

5

திரும்பி வந்து, அந்த வாரங்களின் படங்களைத் திறந்தேன். பல மூளைகளில் அந்த மங்கலான முனை மறுபடி கோட்டுக்கு வெளியே கிடந்தது. புள்ளியே வைக்காதபோது எப்படி இருக்குமோ அப்படி. முதலில் புள்ளிகள் சேமிக்கப்படவில்லையோ என்று பார்த்தேன். சேமிக்கப்பட்டிருந்தன, சரளாவின் கைப்பக்குவத்தில், நடு வெள்ளையில் அழகாக இடைவெளி விட்டு. மென்பொருளின் பதிப்பு மாறிவிட்டதோ என்று பார்த்தேன். மாறவில்லை. கடைசியில் கோட்டை மறைத்துவிட்டு அடியில் இருக்கும் வெள்ளையை மட்டும் திறந்தேன். முனையில் வெள்ளையை யாரோ கையால் அழித்திருந்தார்கள். மனிதன் கையால் அழித்ததை மென்பொருள் மறுபடி சேர்க்காது. எத்தனை பொட்டு வைத்தாலும் இல்லாத இடத்தை வெளுப்பாக்க முடியாது.

யெரூனைக் கேட்டேன். ஒளிக்கவில்லை, அவனுக்கு ஒளிக்க ஒன்றுமில்லை. "ஆமாம், நான்தான் அழித்தேன். அவர்களே சொன்னார்களே, மேட்டர் ஓவர் என்று. ஒவ்வொரு படத்துக்கும் சொன்னார்கள்" என்றான்.

வெள்ளைப் பகுதிக்கு ஆங்கிலத்தில் ஒயிட் மேட்டர் என்பதுதான் பெயர். மேட்டர் ஓவர் என்றால் வெள்ளை மிகுந்துவிட்டது, மிச்சமாக வெளியே நிற்கிறது. டச்சுக்காரனான அவன் அப்படித்தான் புரிந்துகொண்டான். நானும் அப்படித்தான் புரிந்துகொண்டேன். அதில் எனக்குத் துளி சந்தேகம் வரவில்லை. புள்ளியை அளவுக்கு மேல் வைத்து, கோட்டை வெளியே தள்ளிவிட்டு, அதைத் திருத்தாமல் எங்களிடம் தள்ளிவிட்டிருக்கிறார்கள் என்று சரளா மேல் கோபம் வந்தது. ஆனால் புள்ளிகள் ஒழுங்காக இருந்தனவே என்று ஒரு மூலையில் குறுகுறுத்தது. அதை நான் ஒதுக்கிவிட்டேன்.

எங்கள் பேராசிரியருக்கு அளவுகள் போயின. அந்த வாரங்களின் கணக்கில் முனைகளெல்லாம் சுருங்கியிருந்தன. அவர்கள் மிகையாக விட்டதை யெரூன் அழிக்கப்போய் வந்த வினை என்றுதான் எல்லாரும் நினைத்தோம். நேரான மனுஷி, சுற்றி வளைக்க மாட்டார். "குழுவின் தரம் விழுந்துவிட்டது. தானாகத் திருத்தும் புது மென்பொருளும் வந்துவிட்டது. இந்த மாதத்தோடு அம்பத்தூர் ஏற்பாட்டை முடித்துக்கொள்வோம். வியாழக்கிழமை காலில் நீயே சொல்லிவிடு" என்றார்.

நான் சரி என்றேன். என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தபின்தான் எனக்கு உறைத்தது. இனி வியாழக்கிழமை இல்லை. அவர்களுக்கு வேலை போகிறது, எனக்குப் பேச்சு போகிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை என்று தெரியும். ஆனாலும் எனக்குத் துக்கமாக இருந்தது.

6

அந்த வியாழக்கிழமை காலில் பேராசிரியரும் யெரூனும் கூட உட்கார்ந்தார்கள். அதனால் ஆங்கிலம். பல வாரம் கழித்து என் முகத்தைத் திரையில் பார்த்ததும் சரளா "அக்கா, வந்துட்டீங்களா" என்று சிரித்தாள். மற்றவர்களைப் பார்த்ததும் சிரிப்பைச் சுருட்டிக்கொண்டாள்.

நேராகக் கேட்டேன். நான் இல்லாத வாரங்களில் யெரூனிடம் மேட்டர் ஓவர் என்று சொன்னீர்களாமே, எத்தனை படத்தில் ஓவர்?

சரளாவுக்கு ஒன்றும் புரியவில்லை. முத்துவைப் பார்த்தாள். பிறகு ஏதோ பாராட்டுக்குத்தான் கேட்கிறேன் என்று நினைத்தாள்போல. நிமிர்ந்து உட்கார்ந்து, "ஆல் ஓவர், மேடம்" என்றாள். போதாது என்று என்னிடம் மட்டும் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்தி, "ஒண்ணு உடாம எல்லாம் ஓவர்க்கா" என்றாள்.

அதில் ஒரு பெருமை வேறு. எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. செய்வதையும் செய்துவிட்டு இந்தப் பெண் இப்படி மார்தட்டுகிறதே என்று இருந்தது. யெரூன், பார்த்தாயா என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினான். பேராசிரியர் எனக்குத் தலையசைத்தார். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். இந்த மாதத்தோடு முடித்துக்கொள்கிறோம் என்று.

அந்தப் பக்கம் எங்கேயோ ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போனது. சரளா, "ஓகே மேடம்" என்றாள். பிறகு தமிழில், "எங்கள அப்பால வேற வேலைல போடுவாங்களா, அனுப்பிடுவாங்களான்னு தெரிலக்கா. தப்பு இன்னான்னு மட்டும் சொல்லிட்டீங்கன்னா, இன்னொரு வாட்டி பண்ண மாட்டோம்" என்றாள்.

அப்போதுகூட எனக்கு விளங்கவில்லை. மெயிலில் விவரமாக எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

7

சாயங்காலம் காய்கறி வாங்கச் சூப்பர் மார்க்கெட்டில் நின்றுகொண்டிருந்தேன். டேவிட் கூப்பிட்டான். அப்பா போன பிறகு அண்ணனூர் வீட்டுப் பட்டாவை எங்கள் இருவர் பெயருக்கும் மாற்ற வேண்டியிருந்தது. அவன்தான் லீவு போட்டு அலைந்துகொண்டிருந்தான். என் தரப்புக் கையெழுத்துக்காக நானும் தூதரகத்துக்கும் தபால் ஆபீசுக்கும் நடந்திருந்தேன்.

"அக்கா, பட்டா மேட்டர் ஓவர்க்கா" என்றான்.

இன்னும் எத்தனை காகிதம் கேட்கப் போகிறார்களோ. "இன்னும் என்னடா மிச்சம்?" என்றேன்.

"இன்னாக்கா மிச்சம்?"

"நீதானே ஓவர்னு சொன்ன?"

"ஓவர்னா ஓவர்க்கா. முடிஞ்சிச்சு. பட்டாவ கையில வாங்கிக்கினு வந்து ஊட்ல வெச்சுட்டேன். நீ இன்னா, அங்க போய் தமிழ மறந்துக்கினு கீறியா?"

"ஓவர்ங்கறது இங்கிலீஷ்டா."

"யாரு சொன்னா? மேட்டர் ஓவர்னா நம்ம ஊரு தமிழ்க்கா."

நான் உருளைக்கிழங்குப் பெட்டிக்குப் பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டேன். பேருந்து போய்விட்டால் மேட்டர் ஓவர். கல்யாணம் நிச்சயமானாலும் மேட்டர் ஓவர், மாட்டு வண்டி மாதிரி இழுத்த பரீட்சை முடிந்தாலும் மேட்டர் ஓவர். பிறந்ததிலிருந்து என் காதில் விழுந்த சொல். என் வியாழக்கிழமைகளிலும் ஒவ்வொரு மூளை முடியும்போதும் சரளா முத்துவிடம் "மேட்டர் ஓவர், அடுத்தத தொற" என்று சொல்லிக்கொண்டுதான் இருந்திருப்பாள். அது எனக்கு ஒரு சொல்லாகவே பட்டிருக்காது, ஃபேன் சத்தம்போல. அதே சொல்லை யெரூன் தன் உச்சரிப்பில் திருப்பிச் சொன்னதும் ஆங்கிலமாகிவிட்டது. அதற்கு மேல் நான் வகுப்பில் படித்த சூப்பும் பாலும் வந்து உட்கார்ந்துகொண்டன.

"அக்கா, லைன்ல கீறியா?" என்றான் டேவிட்.

"இருக்கேன்டா."

எனக்கு அழுகை வந்தது. பட்டா கிடைத்த சந்தோஷத்தில் அழுகிறேன் என்று அவன் நினைத்துக்கொண்டான். அப்படியே விட்டுவிட்டேன்.

8

மறுநாள் காலை முதல் வேலையாக அந்தப் படங்களில் ஒன்றை எடுத்தேன். யெரூன் அழித்ததை மட்டும் பழையபடி நிரப்பினேன். சரளா வைத்த பொட்டுகளைத் தொடவில்லை. ஓட்டிவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அது முடிய சாயங்காலம் ஆகிவிட்டது. திறந்து பார்த்தால் மஞ்சள் கோடு முனைவரை போய், ஒரு பிசிறில்லாமல் திரும்பி வந்திருந்தது. இன்னொன்றையும் அப்படியே செய்தேன். அதுவும் அப்படியே வந்தது.

பேராசிரியரையும் யெரூனையும் கூப்பிட்டுக் காட்டினேன். மேட்டர் ஓவர் என்றால் எங்கள் ஊரில் வேலை முடிந்தது என்று அர்த்தம் என்றேன்.

"ஆங்கிலத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லையே?" என்று பேராசிரியர் கேட்டார்.

"இது ஆங்கிலம் இல்லை" என்றேன்.

யெரூனின் முகம் காது வரை சிவந்துவிட்டது. அவன் தலையில் கை வைத்துக்கொண்டு, ஒழுங்காகச் செய்த வேலைகளையெல்லாம் தேடித் தேடிக் கெடுத்திருக்கிறேன் என்றான். உனக்குத் தெரியாதது உன் தப்பில்லை என்றேன். தெரிந்திருக்க வேண்டிய ஒருத்தி இந்த அறையில் இருந்தாள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

பேராசிரியர் நியாயமானவர். அம்பத்தூர் ஏற்பாடு தொடரட்டும், புது மென்பொருள் பிறகு பார்க்கலாம் என்றார். எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. அவர் அடுத்ததையும் சொன்னார். "ஆனால் இப்படி இன்னொரு முறை நடக்கக் கூடாது. இனி காலில் ஆங்கிலம் மட்டும். முடிந்தது, சேர்க்கணும், அழிக்கணும் என்று சில சொற்களை நிர்ணயித்துக்கொள்வோம். எல்லாரும் அதைத்தான் சொல்ல வேண்டும். யெரூனும் ஒவ்வொரு காலிலும் இருக்கட்டும். நீ அவர்களுக்குப் புரியவைத்துவிடு."

மறுத்துப் பேச எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. அவர் சொன்னது சரி. ஒரு மூளையின் எல்லையை அளக்கிற இடத்தில் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான் இருக்க வேண்டும். நானே அதைத்தான் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லித் தருகிறேன்.

9

சரளாவைத் தனியாகக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். முத்துவைக் கூப்பிட்டு, "ஏய், நம்ம மேட்டர் ஓவர் இன்னா வேல பண்ணிக்கீது பாரு" என்று அவளுக்கும் சொன்னாள். சிரித்து முடித்ததும் மெதுவாகக் கேட்டாள்.

"எங்க மேல தப்பில்லன்னு அவங்க கிட்ட சொன்னீங்களாக்கா?"

"செஞ்சே காட்டிட்டேன். உன் பொட்டு ஒண்ணுகூடத் தப்பில்ல."

"அது போதும்க்கா."

பிறகு புது விதியைச் சொன்னேன். அவள் தலையாட்டிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப உங்க கூடயும் இங்கிலீஷ்தானா?"

"கால்ல மட்டும்தான், சரளா."

"நாம பேசறதே கால்லதானேக்கா" என்றாள்.

தனியாகப் பேசலாம், போன் செய் என்று சொல்லலாம்தான். சொன்னேன் கூட. சரிக்கா என்றாள். ஆனால் எதற்கென்று செய்வாள்? அவளுக்கு வீடு இருக்கிறது, பிள்ளை இருக்கிறது, திரும்பிப் போகிற ரயிலில் தோழிகள் இருக்கிறார்கள். எங்களுக்கு நடுவில் இருந்தது ஒட்டிக்கொண்ட தோசைகளும் அடம்பிடிக்கும் சவ்வும்தான். அவை இல்லாமல் வெறுமனே கூப்பிட்டு, அண்ணனூரில் மழையா என்று கேட்க எனக்கும் கூச்சமாக இருந்தது.

10

புது விதிப்படி முதல் கால் போன வியாழக்கிழமை நடந்தது. பள்ளி விடுமுறை என்பதால் அன்று வீட்டிலிருந்து வேலை செய்தேன். மேஜையின் அந்தப் பக்கம் ரேச்சல் ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். சரளா நல்ல சேலை கட்டி வந்திருந்தாள். ஒவ்வொரு மூளையாகத் திறந்தாள். "பாயின்ட்ஸ் ஆடட். டன்." அடுத்தது. "மெம்ப்ரேன் ரிமூவ்ட். டன்." முத்து ஒரு தடவை வாய் தவறிப் பொட்டு என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டாள். யெரூன் எல்லாவற்றையும் பச்சை வண்ணத்தில் குறித்துக்கொண்டான். ஒரு பிழையும் இல்லை. ஒரு மணி நேரம் எடுக்கும் வேலை அரை மணியில் முடிந்துவிட்டது. தேங்க் யூ மேடம், தேங்க் யூ சரளா. யெரூனின் முகம் திரையிலிருந்து மறைந்தது.

நானும் வெளியேறப் போனேன். அப்போதுதான் கவனித்தேன். சரளாவின் கேமரா அணைந்திருந்தது, மைக் அணையவில்லை.

நாற்காலி இழுபடும் சத்தம். யாரோ கொட்டாவி விட்டார்கள். ஒரு டிபன் பாக்ஸ் மூடி திறக்க வராமல் மேஜையில் தட்டப்பட்டது. தூரத்தில் ஒரு லோக்கல் ரயில் ஹாரனை அடித்துக்கொண்டே போனது.

"அப்பாடா. மேட்டர் ஓவர்" என்றாள் சரளா. "வா, துன்னலாம்."

"இன்னைக்கு என்ன குழம்பு கொண்டாந்தீங்க?" இது முத்து.

"காரக்கொழம்பு. கருவாடு போட்டது. மெதுவா தொற, நாத்தம் மேனேஜர் ரூமு வரைக்கும் போவும்."

"நேத்து வீட்டுக்குப் போக ஏன் லேட்டு?"

"ட்ரெயின் எங்க போவுது? சொம்மா ஷெட்டுக்கு வெளிய நின்னுக்கினே கீது. நான் எறங்கி நடந்தே ஊட்டுக்குப் பூட்டேன்."

சுட்டியைச் சிவப்புப் பட்டனுக்கு மேல் வைத்தவள் அப்படியே இருந்தேன். இப்படிக் கேட்டுக்கொண்டிருப்பது முறையில்லை என்று தெரியும். எழுந்து போக முடியவில்லை. ரேச்சல் வரைவதை நிறுத்திவிட்டு என் முகத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அங்கே பேச்சு சட்டென்று நின்றது. திரையில் நான் இன்னும் இருப்பதை யாரோ பார்த்திருக்க வேண்டும். கொஞ்சம் பயந்த குரலில் சரளா கேட்டாள்.

"அக்கா? இன்னும் லைன்லயா கீறீங்க?"

பழக்கத்தில் என் வாய் 'இருக்கேன்' என்பதற்குத்தான் போனது. ரேச்சல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கீறேன், சரளா" என்றேன். "நீங்க துன்னுங்க. நான் சொம்மா கேட்டுக்கினு கீறேன்."